நூத்திநாலு சைஸ் பிள்ளை

ஜன்னலைச் சித்தெ சாத்திக்குங்க தம்பி, பாப்பா மூஞ்சியில வெயில் அடிக்குது. தூங்கட்டும். நான் அப்பவே பிடிச்சுப் பார்த்துட்டு வர்றது பாப்பாவை இல்லீங்க, பாப்பா போட்டிருக்கற கவுனை. தோள்பட்டை எறங்கி நிக்குது பாருங்க. அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும்னு ஒரு சைஸ் பெருசா எடுத்திருப்பீங்க. எல்லாரும் அதான் பண்றது. பிள்ளைக வளரும்ல.

தப்பா நெனைச்சுக்காதீங்க. தொழில் புத்தி. என் பேரு சென்னியப்பன். திருப்பூர்ல குழந்தைத் துணி ஏத்துமதி பண்ற ஒரு கம்பெனியில சாம்பிள் இன்சார்ஜ். தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு பிள்ளையைப் பார்க்க வந்தேன். பார்த்துட்டுத்தான் திரும்பறேன். கண்ணுல தூசி விழுகலீங்க, நீங்களும் கவனிச்சுட்டுத்தான் வர்றீங்க. நீங்க எறங்கற ஒட்டன்சத்திரத்துக்கு பஸ் போய்ச் சேர நேரம் கெடக்குது. யாராவது ஒருத்தர் முழுசாக் கேட்டுட்டு, உன் மேல தப்பில்லைய்யான்னு சொன்னா எனக்குப் போதும். வீட்டுல இருக்கறவ சொல்ல மாட்டேங்கறா.

சாம்பிள்னா என்னன்னு தெரியுங்களா? தையல் லைன்ல ஆயிரக்கணக்குல பீஸ் ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தைப்போம். ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர் அதைப் பார்த்துட்டு கழுத்து இறுக்கம், கை நீளம்னு நொட்டை சொல்லுவான். மாத்தித் தைப்போம். மறுபடியும் சொல்லுவான். அவன் வாயில ஓகே வர்ற வரைக்கும் துணியில கத்திரி வைக்கக்கூடாது. வந்துட்டா அந்த ஒத்தைப் பீஸ்தான் சாமி. மீதி அத்தனையும் அதைப் பார்த்துத்தான் தைக்கணும். அந்த ஓகேவை வாங்கிக் குடுக்கறதுதான் என் பொழப்பு.

வெளிநாட்டுக்காரன் பிள்ளைகளுக்கு வயசைச் சொல்ல மாட்டான், உசரத்தைச் சொல்லுவான். நூத்திநாலு சைஸ்னா நூத்திநாலு சென்டிமீட்டர் உசரமிருக்கற பிள்ளைக்கு. நாலு வயசுன்னு வச்சுக்குங்க. எங்க பையருக்கு முதல் பீஸ் எப்பவும் நூத்திநாலுதான். அது சரியாயிட்டா மத்த சைஸெல்லாம் அதுல இருந்து ஏத்தி எறக்கிப் போட்டுக்கலாம். ஆனா டம்மி பொம்மையில மாட்டிப் போட்டோ அனுப்பினா ஒத்துக்க மாட்டான். நெசப் பிள்ளைக்குப் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி, உக்காரச் சொல்லி எடுத்து அனுப்பணும். மொகம் மட்டும் தெரியக்கூடாது. கழுத்துக்கு மேல வெட்டிரணும், அது அவங்க சட்டம்.

வேடிக்கையைக் கேளுங்க. நெசப் பிள்ளை வேணும்பான். கம்பெனி கேட்டுக்குள்ள பிள்ளை நடமாடினா குழந்தைத் தொழிலாளின்னு ஆடிட்ல ஆர்டரே போயிரும்பான். நான் எங்க போக? ஞாயித்துக்கெழமை எங்க வீட்டு ஹால்தான் எனக்கு ஃபிட்டிங் ரூம். எங்களுக்குப் பிள்ளை இல்லீங்க. ஹால் காலியாத்தான் கெடந்துச்சு.

முன்னாடி பக்கத்து வீட்டு மதுமிதாதான் வந்துட்டிருந்தா. நல்ல பிள்ளை. ஒரு கோடை லீவுல ஆத்தா ஊருக்குப் போயி நல்லாத் தின்னுட்டு வந்தா, அவ்வளவுதான், நூத்திப்பத்து சைஸுக்குப் போயிட்டா. நிறுத்திட்டேன். வேற வழியில்லை. வளர்ந்த பிள்ளையை வச்சு நான் என்ன பண்றது?

புதுப் பிள்ளைக்குத் தேடிட்டிருந்த நேரத்துல ஆயுத பூசை வந்துச்சு. அன்னைக்கு மட்டும் கம்பெனிக்குக் குடும்பத்தோட வரலாம். லைன்ல தைக்கற முத்துப்பேச்சி ஒரு பிள்ளையைக் கையில பிடிச்சுட்டுப் பொரி வாங்க நின்னா. பார்த்ததும் எனக்குச் சுருக்குன்னுச்சு. டேப் எடுக்காமயே தெரிஞ்சுது. ஆனாலும் கழுத்துல கெடந்ததை எடுத்துக் குச்சியாட்டம் நிறுத்தி வச்சு அளந்தேன்.

“என்னண்ணே, சந்தையில கன்னுக்குட்டி பாக்குற மாதிரி பாக்குறீங்க?” அப்படின்னு சிரிச்சா முத்துப்பேச்சி.

உசரம், தோள், நெஞ்சு, இடுப்பு. ஒரு நூல் எச்சுமில்லை, ஒரு நூல் கொறைச்சலுமில்லை. பையர் அனுப்பின அளவை அப்படியே எடுத்து உசுர் குடுத்து நிறுத்தினாப்பல இருந்தா. பேரு கனிஷ்கா. நான் கனின்னுதான் கூப்பிடறது.

முத்துப்பேச்சி வீட்டுக்காரன் லாரியில போனவன், வேற ஊர்ல வேற குடும்பமாயிட்டான். இவ பிள்ளையைத் தூக்கிட்டு திருப்பூர் வந்து, ஒத்தை ரூம்ல இருந்துட்டு, லைன்ல நாள் பூராவும் ஒரே தையலைப் போட்டுட்டிருந்தா. நான்தான் மேனேஜர்கிட்டச் சொல்லி சாம்பிள் செக்‌ஷனுக்குக் கொண்டாந்தேன். மாசச் சம்பளம். ஓவர்டைம் தொந்தரவில்லை. ஃபேனுக்கு அடியில மிஷின். யாருக்குத் தம்பி நான் கெடுதல் பண்ணினேன்?

ஞாயித்துக்கெழமையானா தாயும் மகளும் வந்துருவாங்க. என் வீட்டுக்காரி வசந்தாமணி அந்தப் பிள்ளைக்குத் தலை சீவி, பூ வச்சு, கண்ணாடி முன்னாடி நிறுத்தி அழகு பார்ப்பா. கல்யாணமாகி அத்தனை வருசத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. கனி என்னை மாமாம்பா, அவளை அத்தைம்பா. ஃபிட்டிங்னா மத்த பிள்ளைக நெளியும், அழுகும். இவ சிலையாட்டம் நிப்பா. ‘கை மேல’ன்னா மேல. ‘மூச்சு விடு கண்ணு’ன்னு நான் சொல்லணும், அப்புறந்தான் விடுவா.

வசந்தாமணிக்கு ஒரு பழக்கம். பிள்ளை செருப்பைக் கழட்டறதுக்குள்ள தட்டுல தோசையை வச்சிருவா. நான்தான் தடுப்பேன். “அளவெடுத்தப்புறம் குடு. வயித்துல சோறு போனா இடுப்பு கால் இஞ்சு எச்சாக் காட்டும்.” தொழில் தெரிஞ்ச யாரும் அதைத்தான் சொல்லுவாங்க. கனி கெட்டிக்காரி, ரெண்டு வாரத்துல அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. “வேண்டாத்தை, அளவு கெட்டுரும்.” எனக்குச் சிரிப்பு தாங்கலை. எங்க சாம்பிள் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்.

ஒரு நாள் கேட்டா, “மாமா, மதுக்கா ஏன் இப்ப வர்றதில்லை?”

“அவ வளர்ந்துட்டா கண்ணு.”

“வளர்ந்தா வரக்கூடாதா?”

“வந்து என்ன பண்றது? சட்டை பத்தாதே. நீயும் வளர்ந்துராதே. அப்புறம் மாமா வேற பிள்ளையைத் தேடணும். உங்கம்மாளையும் லைனுக்குத் திருப்பி அனுப்பிருவாங்க.”

சிரிச்சுட்டுத்தான் சொன்னேன் தம்பி. பிள்ளைககிட்ட எல்லாரும் பேசறதுதான். பூச்சாண்டிகிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்னு நீங்க சொன்னதில்லையா? அந்த மாதிரி.

“நெசமாவா மாமா?”

“பின்னே?”

அதுக்கப்புறம் அது எங்களுக்குள்ள ஒரு வெளையாட்டு ஆயிப்போச்சு. உள்ள வந்ததும் நேரா ஓடிப்போயி சமையல்கட்டுக் கதவு நிலையில முதுகை ஒட்டி நிப்பா. “அளந்து பாருங்க மாமா, வளரலைல்ல?” நான் டேப்பை வச்சுப் பார்த்துட்டு, “வளரலை, தங்கம்!” அப்படின்னு தூக்கித் தோள்ல உக்கார வச்சு ஹாலைச் சுத்தி வருவேன். கெக்கெக்கேன்னு சிரிப்பா. அந்தச் சத்தத்துக்காகவே ஞாயித்துக்கெழமை எப்ப வரும்னு இருக்கும் எனக்கு.

அந்த வருசம் எங்க சாம்பிள் செக்‌ஷனுக்குப் பொற்காலமுங்க. தாய் தைக்கறா, மக போட்டுக்கறா. அனுப்பின பீஸெல்லாம் முதல் தடவையிலயே ஓகே. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “சென்னியப்பா, என்ன மாயம் பண்றே?”ன்னாரு. நான் சொன்னேன், “மாயமில்லீங்க, எனக்கு வாச்ச பிள்ளை அப்படி.” சீசன் மாறிடுச்சு, குளுருக்குப் போடறது வந்துச்சு, மறுபடி கோடைக்குப் போடறது வந்துச்சு. கூடப் படிக்கற பிள்ளைகளெல்லாம் கிடுகிடுன்னு ஏறிடுச்சுக. கனி மட்டும் அதே நூத்திநாலு. இந்தத் தொழில்ல இத்தனை வருசமா இருக்கேன், அப்படி நெலையா நின்ன பிள்ளையை நான் கண்டதே இல்லை.

வசந்தாமணிதான் முணுமுணுத்துட்டே இருந்தா. “ஏனுங்க, பிள்ளை பூஞ்சையா இருக்குது. முடி கொட்டுது. தோசை போட்டா எடுத்துட்டுப் போயி கொல்லையில நாய்க்குப் போடுது.”

“சில பேருக்கு அப்படி உடம்பு வாக்கு. நீ கண்ணு வைக்காதே.”

நான் அப்படிச் சொன்னதுல இருந்து ரெண்டு நாள் பேசலை அவ. பிள்ளையில்லாதவகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதுதான், விடுங்க, அது வேற கதை.

ஒரு தடவை முத்துப்பேச்சி வந்து நின்னா. “அண்ணே, பள்ளிக்கூடத்துல பிரேயர்ல மயங்கி விழுந்துட்டாளாம். ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போகணும், நாளைக்கு லீவு வேணும்.” மறுநாள் பார்த்து சாம்பிளெல்லாம் கூரியர்ல போற நாள். “வெயில்ல நின்னிருப்பா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடு. ஞாயித்துக்கெழமை ஃபிட்டிங்கை முடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போ, நானே வண்டியில கொண்டுபோயி விடறேன்”னு சொன்னேன். சரிண்ணேன்னு போயி மிஷின்ல உக்காந்துட்டா. நான் வேண்டாம்னு சொல்லலீங்க, கவனிச்சுக்குங்க. ஞாயித்துக்கெழமைன்னுதான் சொன்னேன்.

அந்த ஞாயித்துக்கெழமைதான் எல்லாம்.

இடுப்புல எலாஸ்டிக் வச்ச ஒரு ஃப்ராக். பெரிய ஆர்டர். மாட்டிவிட்டா இடுப்பு தொளதொளன்னு தொங்குது. எனக்கு வந்துச்சே கோவம். “என்ன முத்துப்பேச்சி, தைக்கறியா இல்லை வெளையாடறியா? அரை இஞ்சு எச்சா விட்டிருக்கே!”ன்னு பிள்ளை முன்னாடியே கத்திட்டேன். அவ மொகம் சுண்டிப்போச்சு. ஃப்ராக்கைக் கழட்டித் தரையில விரிச்சு டேப் வச்சா. சரியா இருக்குது. திருப்பிப் போட்டு வச்சா. சரியா இருக்குது. அப்படியே நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தா. நானும் பார்த்தேன். ஜட்டியோட நின்னுட்டிருந்தா கனி. துணி சரிதான் தம்பி. பிள்ளைதான் கொறைஞ்சிருந்துச்சு.

எங்க தொழில்ல பிள்ளையை வச்சுத் துணியைத்தான் பார்ப்போம். துணியை வச்சுப் பிள்ளையைப் பார்க்கறதில்லை.

கனிதான் முதல்ல பேசினா. பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுட்டு, “மாமா, நான் இன்னும் சின்னப் பிள்ளையாயிட்டேனா?”ன்னா. என்ன சந்தோசம் அந்த மொகத்துல! வழக்கம் போல கதவு நிலைக்கு ஓடறதுக்குத் திரும்பினா. ரெண்டு எட்டு வச்சிருப்பா. துணி நழுவி விழுகறாப்பல சத்தமே இல்லாம விழுந்துட்டா.

நான்தான் தூக்கிட்டு ஓடினேன். தூக்கினதே தெரியலை, அப்படி இருந்துச்சு. டாக்டரம்மா எல்லாம் பார்த்துட்டு நோயி ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. “பிள்ளை சாப்பிடறதே இல்லைம்மா. ரொம்ப நாளா. வீட்டுல சோறு இல்லையா?”ன்னு முத்துப்பேச்சியைக் கேட்டாங்க. அவளுக்கு எப்படி இருந்திருக்கும். விசாரிச்சா, பள்ளிக்கூடத்துல டப்பாவைத் தொறந்து பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு தண்ணியைக் குடிச்சுக்குவாளாம். சத்துணவு முட்டையைக்கூட. வீட்டுல அம்மா தின்னச் சொன்னா வாயில வச்சுட்டு வெளிய போயித் துப்பிட்டு வந்துருவாளாம். எதுக்கு ஒரு பிள்ளை அப்படிப் பண்ணுது? எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. யாரோ என்னமோ சொல்லிக் குடுத்திருக்கணும்.

ஆசுபத்திரியில இருந்து வந்த முத்துப்பேச்சி நேரா சாம்பிள் ரூமுக்கு வந்தா. எல்லாரும் இருக்காங்க. என் டேபிள் முன்னாடி வந்து நின்னா.

“அவகிட்ட என்ன சொன்னீங்க சார்?”

சாருங்கறா. அண்ணேன்னு கூப்பிட்ட வாய்.

“நான் என்னம்மா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எம் புள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?”

“சத்தியமா ஒண்ணும் சொல்லலை. நான் அவளைக் கண்ணுல வச்சுத்தானே...”

அவ திரும்பித் தன் மிஷினுக்குப் போனா. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. மிஷின் மேல இருந்த கத்திரியை எடுத்து ட்ராயர்ல வச்சா, தைச்சுட்டிருந்த துணியை மடிச்சு வச்சா, போயிட்டா. மறுநாள் அவ குடியிருந்த ரூமுக்குப் போனேன், காலி. பூட்டுக்கூட இல்லை.

அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஓடலீங்க. வேற பிள்ளைகளைக் கொண்டாந்து நிறுத்திப் பார்த்தேன். ஒண்ணுக்கு வயிறு, ஒண்ணுக்குத் தோளு. பையர் திருப்பித் திருப்பி அனுப்பறான். கடைசியில முதலாளி நல்ல டம்மி ஒண்ணு வாங்கிக் குடுத்து, பையரையும் பேசி ஒத்துக்க வச்சுட்டாரு. வேலை அது பாட்டுக்கு நடக்குது. எனக்குத்தான் ஞாயித்துக்கெழமையானா ஹால்ல இருக்க முடியறதில்லை. செல்லுல அவ போட்டோ அத்தனை கெடக்குதுங்க. எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஒண்ணுலயும் மொகமில்லை.

வசந்தாமணிகிட்ட, கனியை ஒரு நடை போயிப் பார்த்துட்டு வரலாம் வான்னேன். “நீங்களும் போகாதீங்க”ன்னா.

“ஏன்? நான் என்ன பண்ணினேன்?”

“உங்களுக்கு நெசமாவே தெரியலையா?”ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. அதுதான் அவகூட நான் கடைசியாப் பேசின முழுப் பேச்சு. இப்பெல்லாம் சாப்பாடு வச்சிருக்குது, தண்ணி காஞ்சுதுன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்றா.

லைன்ல இருக்கற ஒரு பொண்ணுதான் ஊர் பேரைச் சொல்லுச்சு. ஒரு வருசத்துக்கு மேல ஆயிருச்சே, கோவம் ஆறியிருக்கும்னு நெனைச்சேன். இன்னைக்குக் காலையில போயி எறங்கினேன். விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சேன். ஓட்டு வீடு. வாசப்படியில ஒரு பிள்ளை தட்டுல சோத்தை வச்சு, பிசைஞ்சு பிசைஞ்சு தின்னுட்டிருந்துச்சு. கன்னமெல்லாம் சோறு. எனக்கு அடையாளம் தெரியலை. அத்தனை சதை, அத்தனை முடி. வேற வீடு போலன்னு நெனைச்சுத் திரும்பப் போனேன்.

“மாமா!”

அந்தக் கொரல் எனக்குத் தெரியாதுங்களா?

தட்டைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சா. எந்திரிக்கறா, எந்திரிக்கறா, எந்திரிச்சுட்டே இருக்கறா. எப்படி வளர்ந்துட்டா தம்பி! என் கை தானா அவ தலைக்குப் போச்சு. பழைய உசரத்துக்கே போயி அவ கன்னத்துல முட்டி நின்னுச்சு. கனி என் மொகத்தையே பார்த்தா. என் கை நின்ன எடத்தைப் பார்த்தா. சிரிப்பு போயிருச்சு. கையில ஒட்டியிருந்த சோத்தை அவசர அவசரமா பாவாடையில தொடைச்சா. காலால தட்டைப் பின்னாடி தள்ளினா. அப்புறம் கதவு நிலையில முதுகை ஒட்டி நின்னுட்டா. நின்னவ மெல்ல மெல்ல எறங்கறா. பாவாடைக்குள்ள முட்டியை மடிச்சுக்கிட்டு, தலையை மட்டும் நேரா வச்சுக்கிட்டு, பழைய உசரத்துக்கு எறங்கிட்டா. தொடை நடுங்குது. மூச்சு விடலை.

“என்ன கண்ணு, கால் வலிக்குதா?”ன்னேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணினா.

உள்ள இருந்து முத்துப்பேச்சி வந்தா. என்னைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா. ஓடிவந்து பிள்ளை ரெண்டு கைக்கடியிலயும் பிடிச்சு, “நிமுந்து நில்லுடி. எந்தாயி, நிமுந்து நில்லு”ன்னு தூக்கறா. தூக்கினா முட்டி மடிஞ்சபடியே மேல வருது. விட்டா மறுபடி எறங்குது.

நான் கிட்டப் போனேன். “முத்துப்பேச்சி, கால்ல என்னமோ கோளாறு இருக்கும்போல. திருப்பூர்ல நல்ல எலும்பு டாக்டர் இருக்காரு, நான் பார்த்துக்கறேன், நீ கூட்டிட்டு மட்டும் வா”ன்னேன்.

அவ பிள்ளையை இடுப்போட சேர்த்து அணைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. கோவமே இல்லீங்க அந்தக் கண்ணுல. அதுதான் என்னால தாங்க முடியலை.

“போயிருங்கண்ணே. கும்புடுறேன். நீங்க நிக்கிற வரைக்கும் அவ நிமுற மாட்டா.”

அண்ணேன்னு கூப்பிட்டா, தம்பி. இத்தனை நாளைக்கப்புறம் அண்ணேன்னு கூப்பிட்டா. அதுக்கு மேல நான் என்ன பேசறது? படி எறங்கி வந்துட்டேன். தெருமுனை வரைக்கும் நடந்தேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கலாம்னு மனசு பறந்துச்சு. இனிமே எப்ப பார்க்கப் போறோம்? ஆனாலும் திரும்பலீங்க. ஏன் திரும்பலைன்னு எனக்கே தெரியலை. திரும்பாம, வேகமா நடந்து வந்துட்டேன்.

கால் வலியாத்தான் இருக்கும். வேற என்ன இருக்கும், நீங்களே சொல்லுங்க தம்பி. வளர்ற பிள்ளைகளுக்கு முட்டி வலிக்கறது சகஜந்தானுங்களே?